சுவர் நின்ற இடத்தில் ஒரு பெஞ்சு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சீனாவில் தொலைந்துபோனதற்குச் சீனா எந்த விதத்திலும் பொறுப்பல்ல. போர்டுகள் இருந்தன. அம்புக்குறிகள் இருந்தன. எங்கள் குழுத் தலைவர் ஆரஞ்சு நிறத்தில் கொடி வேறு பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இத்தனையையும் மீறி ஒருவன் தொலைய வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். கடவுள் அதை எனக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

விஷயம் இவ்வளவுதான். நான் தீவில் வளர்ந்தவன். போர்ட் பிளேரைச் சுற்றி எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் சரி, ஒன்று கடல் வரும், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் வரும். கடல் வந்தால் பஸ் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். ஆகவே எங்கள் ஊரில் யாரும் தவறான பஸ்ஸில் ஏறுவதில்லை; கொஞ்சம் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறுவார்கள், அவ்வளவுதான். இந்த நம்பிக்கையோடு ஒரு ஞாயிறு விடியலில், குவாங்சோ நகரத்து ஹோட்டல் வாசலில் நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்து, தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது உலகம் வெள்ளையாக இருந்தது. செத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பனிமூட்டம். மூட்டத்துக்குள் எங்கோ அலைச் சத்தம். அப்பாடா, கடல் வந்துவிட்டது, இனி பஸ் திரும்பும் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பஸ் திரும்பவில்லை. டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இறங்கினேன். கருவாட்டு வாசனை அடித்தது. அந்த வாசனையில் பாதிப் பயம் போய்விட்டது. மூட்டம் ஒரு இடத்தில் மட்டும் லேசாக விலகி, அங்கே வானத்தில் ஒரு கோபுரம் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கீழ்ப்பாதி தெரியவே இல்லை. அடுக்கடுக்காக மூன்று கூரைகள், மூலைகள் ஒவ்வொன்றும் மேல் நோக்கிச் சுருண்டு. உச்சியில் ஒரு சிலுவை.

டைல்ஸ் மாரி எதற்குச் சீனா போனான்?

போன வாரம் நான் ஹேடோ ஜெட்டியில் வழுக்கி விழுந்த கதையைப் படித்த ஒரு வாசகர், "ஐயா எஞ்சினியரா?" என்று கேட்டிருந்தார். இல்லை ஐயா. கராச்சர்மா பக்கம் "டைல்ஸ் மாரி" என்று கேட்டால் பால்காரர்கூட என் வீட்டைக் காட்டுவார். தரை போடுவேன், கூரை போடுவேன், பெஞ்சு மேஜை செய்து கொடுப்பேன். நான் போட்ட தரையில் நானே வழுக்கியிருக்கிறேன். அதைவிடத் தரத்துக்குச் சாட்சி வேண்டுமா?

சென்னையிலிருந்து கட்டுமானச் சாமான் வியாபாரிகள் சிலர் சீனாவில் நடக்கிற பெரிய சந்தைக்குப் போகிறார்கள் என்று தெரிந்து நானும் ஒட்டிக்கொண்டேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற எதுவும் எங்களுக்கு உசத்தி. மெயின்லேண்டையும் தாண்டிப் போய்ச் சரக்குப் பார்த்து வந்தவன் என்றால்? ஊரில் என் மதிப்பு எங்கே நிற்கும்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். செல்வி, என் மனைவி, ஒரே கேள்வி கேட்டாள்: "டெலானிபூர் போனாலே வழி கேட்டு எனக்கு போன் பண்ணுவீங்க. அங்க யாருக்குப் பண்ணுவீங்க?"

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தேவாலயம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் சபை. அதற்குப் புதுத் தரையும் புது பெஞ்சுகளும் போடுகிற வேலை எனக்கு வந்திருந்தது. நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனால் அந்தச் சபையின் ஒலிபெருக்கி என் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருப்பதால், அவர்கள் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்றாவது வரியில் யார் சுருதி விலகுவார் என்பது வரைக்கும் தெரியும்.

"கப்பல் போயிரும், வா!"

சுருதி விலகுகிறவர் ஞானமணி அண்ணன். ஹேடோ துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து லாரியையே பூப்போலத் தூக்கி இறக்கிய கை. ஓய்வு பெற்றபின் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு நாங்கள் எல்லோரும்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா பக்கத்தில் இருக்கிற வரைக்கும் அண்ணன் அமைதியாக இருப்பார். அவர் கண்ணுக்கு அக்கா தெரியாவிட்டால்தான் வினை.

அந்தச் சபையில் ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். எந்தச் சட்டமும் கிடையாது. ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு சேர்ந்து வந்த பழக்கம். நடுவில் நடைபாதை. அண்ணன் இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். ஒரு ஞாயிறு, எல்லோரும் கண் மூடி மௌன ஜெபத்தில் இருந்தபோது அண்ணன் எழுந்து நின்று, வின்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற அந்தக் குரலில் கூப்பிட்டார்: "எஸ்தர்! எங்க இருக்க? கப்பல் போயிரும், வா!"

என் சமையலறையில் தோசை திரும்பாமல் நின்றது.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். சபைக் கமிட்டித் தலைவர் டேனியல் மாஸ்டர் நல்ல மனிதர், கொஞ்சம் முறை பார்ப்பவர், பேச்சில் பாதி ஹிந்தி. அக்காவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "அண்ணனை வீட்டிலேயே வெச்சு போன்ல ஆராதனை கேக்க வைங்கம்மா. அவருக்கும் ஆராம், நமக்கும் ஆராம்."

அக்கா பெஞ்சுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ஏலேய் மாரி, நான் அவுக பக்கத்துல உக்காரணும். ஆம்பளைங்க நடுவுல போயி நான் உக்கார முடியாது, பொம்பளைங்க நடுவுல அவுகளக் கொண்டு வைக்க முடியாது. ஒரு எடம் போட்டுக் குடு."

"புதுத் தரை வந்துட்டா எல்லாம் சரியாயிரும்க்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தரையா நடந்து வந்து என் பக்கத்துல உக்காரப்போவுது?"

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரி சுத்தமாகச் சுருதி சேர்ந்து வந்தது. கேட்கவே நன்றாக இல்லை.

சிப்பி ஜன்னல்

பனிமூட்டத்துக்கு வருவோம். நான் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

கோபுரத்தை நோக்கி நடந்தேன். கிட்டப் போகப் போகக் கட்டடம் ஒவ்வொரு துண்டாகப் பிறந்து வந்தது. முதலில் கருங்கல் அஸ்திவாரம், என் இடுப்பு உயரத்துக்கு. அதன்மேல் சாம்பல் நிறச் செங்கல், நூல் பிடித்த மாதிரி. வாசல் வளைவு உச்சியில் கூர்மையாக முடிந்தது. எங்கள் எதிர்த் தீவில் ஆலமர வேர் பிடித்து நிற்கிற வெள்ளைக்காரன் காலத்துத் தேவாலயத்தில் இருக்கிற அதே வளைவு. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் மேலே முழுக்கச் சீனம். கோட்டும் சூட்டும் போட்டவர் தலையில் பனையோலைத் தொப்பி வைத்த மாதிரி.

வாசல் ஒன்றல்ல, இரண்டு. பக்கத்துப் பக்கத்தில், அச்சு மாறாமல் ஒரே அளவில்.

அப்போதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது. வார்த்தைகள் எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. மெட்டு தெரிந்தது. எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வருகிற மெட்டு! கடல் தாண்டி, நாடு தாண்டி, பஸ் மாறி ஏறி, பனிக்குள் வந்து நிற்கிறேன். அங்கே தோசை வாசனை மட்டும்தான் குறைகிறது. கால் தானாக உள்ளே போயிற்று. வலது பக்க வாசல் வழியாக.

உள்ளே வெளிச்சம் பால்போல இருந்தது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. தட்டையான சிப்பி ஓடுகளைச் சதுரம் சதுரமாக நறுக்கி மரச் சட்டத்தில் செருகியிருந்தார்கள். வெளிச்சம் அதன் வழியே வரும்போது பாதி வழியில் தூங்கிவிட்டு வந்த மாதிரி மெத்தென்று விழுந்தது. நாங்கள் சிப்பியை வைத்துச் சாவிக்கொத்து செய்து டூரிஸ்ட் தலையில் கட்டுவோம். இவர்கள் வெளிச்சம் செய்திருக்கிறார்கள்.

அண்ணாந்தேன். தொழில் புத்தி. உத்தரத்தின்மேல் குட்டைத் தூண், அதன்மேல் இன்னொரு உத்தரம், அதன்மேல் இன்னொன்று என்று கூரை படியேறிப் போயிருந்தது. ஒன்றன் தோளில் ஒன்று நிற்கிற மரங்கள். கழுத்து வலித்தபோதுதான் கீழே குனிந்து காலியிடம் பார்த்து உட்கார்ந்தேன். வாய் தன்பாட்டுக்குத் தமிழில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரியில், ஞானமணி அண்ணன் விலகுகிற அதே இடத்தில், நானும் விலகினேன். வேறு விதமாகப் பாட எனக்குத் தெரியாது.

மகளிர் பகுதியில் வீற்றிருந்தது

பாட்டு முடிந்தபோது கவனித்தேன். என் வலப்பக்கம் பெண்கள். இடப்பக்கம் பெண்கள். முன்னாலும் பின்னாலும் பெண்கள். ஒரு மூதாட்டி நகர்ந்து எனக்கு இடம் விட்டு, பிளாஸ்கிலிருந்து ஒரு தம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

ஆராதனை முடிந்ததும், பியானோ வாசித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. பெயர் லின் என்று பிறகு தெரிந்தது. தன் போனில் ஏதோ பேசி, அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். போன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிக்கிற குரலில் அறிவித்தது:

"மரியாதைக்குரிய பயணியே, தாங்கள் மகளிர் பகுதியில் வீற்றிருக்கிறீர்கள்."

என்னை இதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

நான் தொலைந்த கதையைப் போனிடம் சொன்னேன். அது சீனத்தில் சொல்ல, லின் அம்மாள் சிரித்த சிரிப்பில் அது சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறது என்று தெரிந்தது. என் சட்டைப்பையில் இருந்த ஹோட்டல் அட்டையைப் பார்த்துக் குழுத் தலைவருக்குத் தகவல் சொன்னார். மாலை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதாக முடிவாயிற்று. அதுவரைக்கும் எனக்குக் கஞ்சியும் கட்டடமும்.

பலகையைத் தட்டினால்

நூறு வருஷத்துக்கும் மேலே ஆன கட்டடம் என்றார் லின் அம்மாள், போன் வழியாக. வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் தம் ஊரிலிருந்து வரைபடம் கொண்டுவந்தார். அதில் ஊசிக் கோபுரம் இருந்தது. உள்ளூர்க் கொத்தனார்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தங்களுக்குத் தெரிந்த கோபுரத்தைக் கட்டி முடித்தார்கள். போதகர் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லையாம். அந்த வருஷப் புயலில் ஊரில் பாதிக் கூரை பறந்தது, இது நின்றது. பிறகு பேசினாராம். இந்த இடத்தில் நான் கொத்தனார்கள் பக்கம். வாடிக்கையாளரிடம் தலையாட்டுகிற கலை எனக்கும் தெரியும்.

அந்த ஊரில் அப்போது ஆணும் பெண்ணும் பொது இடத்தில் சேர்ந்து உட்காரக்கூடாது. பெண்களை அனுப்பவே மாட்டோம் என்றார்கள். அதனால் வாசல் இரண்டு. அதனால் வாசலிலிருந்து பிரசங்க மேடை வரைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், ஆள் உயரத்துக்கு மேலே. மேடையில் நிற்கிற போதகருக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் கேட் வரைக்கும் சேர்ந்து வந்து பிரிந்து போய், முடிந்தபின் கேட்டில் சேர்ந்துகொள்வார்கள்.

"ஆயினும் துணைவியர் பலகையைத் தட்டுவது வழக்கம்" என்றது போன்.

"எதுக்கு?"

லின் அம்மாள் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு ஒரு காலம் வந்தது. அதைப்பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. தேவாலயங்களைப் பூட்டிய காலம். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய எழுத்துகளைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். திரும்பச் சுரண்டி எடுத்த உளித் தடம் இன்றும் இருக்கிறது, தடவிப் பார்த்தேன். உள்ளே நெல் மூட்டை அடுக்கினார்கள். ஈரம் ஏறாமலிருக்க மூட்டைக்கு அடியில் பலகை வேண்டுமே? நடுச் சுவரைப் பிரித்துத் தரையில் போட்டார்கள்.

காலம் மாறிக் கட்டடம் திரும்பி வந்தது. சனங்களும் வந்தார்கள். பழைய பெஞ்சுகள் எல்லாம் எங்கோ அடுப்பில் போயிருந்தன. மிச்சம் இருந்தது தரையில் கிடந்த பலகை மட்டும். அதை வைத்துத்தான் முதல் பெஞ்சு செய்தார்கள். நீளமாக ஒன்று. போடுவதற்கு இடம் தேடி, சுவர் நின்ற இடத்திலேயே போட்டுவிட்டார்கள்.

லின் அம்மாள் கை காட்டினார். பழக்கத்தில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான் போகிறார்கள். நடுவில் அந்த பெஞ்சு. ஆராதனை முடிந்தும் அதில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. கிழவருக்குக் கண் தெரியாது. கிழவி அவர் காதோரம் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அவர் முகம் திரும்பியது, வாசல் பக்கம், ஜன்னல் பக்கம், கடைசியில் என் பக்கம். என்னைப் பற்றி என்ன சொன்னாரோ, கிழவர் பல்லில்லாமல் சிரித்தார்.

"அது யாருக்கான இடம்?" என்று கேட்டேன்.

போன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "பக்கத்தில் ஒருவர் தேவைப்படுவோருக்கு."

சிப்பி ஜன்னல் வழியாக மூட்டம் மெல்லப் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. வெந்நீர்த் தம்ளர் என் கையில் ஆறிப்போயிருந்தது. நான் வாங்க வந்த டைல்ஸ் எதுவும் என் நினைவில் இல்லை.

பொண்ணு எந்த வழியா வரும்?

ஊர் திரும்பினேன். டைல்ஸ் எங்கே என்று கேட்டவர்களிடம், ஒரு பெஞ்சு பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். செல்வி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சபைக் கமிட்டியின் முன் புதுப் படத்தை விரித்தேன். நடுவில் இருந்த நடைபாதையை எடுத்து இரண்டாக்கி இரு பக்கமும் தள்ளி, நடுவில் ஒரு நீள பெஞ்சு.

டேனியல் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "அரே பாய், நடுவுல பெஞ்சு வந்தா, கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு எந்த வழியா வரும்?"

"பொண்ணு வலது பக்கமா வரட்டும் மாஸ்டர், மாப்பிள்ளை இடது பக்கமா. முன்னாடி போய்ச் சந்திச்சுக்கட்டும்."

"கல்யாணம்னா என்ன, ஜெட்டியா? ஒரு போட் வர்ற வழி, ஒரு போட் போற வழின்னு?"

கமிட்டி சிரித்தது. நானும் சிரித்தேன். நான் வரச் சொல்லியிருந்த எஸ்தர் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டு. அவர் சிரிக்கவில்லை.

"பெஞ்சைத் தரையில ஆணி அடிக்காம விட்டுடறேன்" என்றேன். "கல்யாணத்துக்கு நாலு பேர் தூக்கி ஓரமா வெச்சுக்கலாம்."

டேனியல் மாஸ்டர் படத்தில் அந்த பெஞ்சின்மேல் விரலை வைத்தார். "யாரு உக்காருவாங்க அதுல?"

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "நாங்க உக்காருதோம்."

மாஸ்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை. "டீக் ஹை. ஒரு ஞாயித்துக்கிழமை பாப்போம். அண்ணன் மறுபடி எந்திரிச்சுக் கூப்பிட்டாருன்னா, பெஞ்சு வெளிய. இவங்க ரெண்டு பேரும் போன்லதான் கேக்கணும். அப்புறம் யாரும் எங்கிட்ட வருத்தப்படக்கூடாது."

"சரி மாஸ்டர்" என்றார் அக்கா.

படாக் மரத்தில் செய்தேன். அந்த மரத்தை அறுத்தால் உள்ளே சிவப்பு. எண்ணெய் தடவினால் அந்திக் கடல் மாதிரி ஒரு நிறம். தடவிக்கொண்டே இருந்தேன். செல்வி வந்து, "போதும், பெஞ்சு வழுக்கிவிடப் போகுது" என்றாள். என் சரித்திரம் அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு

மழை இரவெல்லாம் பெய்து, காலையில் நின்றிருந்தது. தேவாலயத்துக்குள் ஈர மண் வாசனையும் எண்ணெய் வாசனையும். வேலை செய்தவன் என்ற உரிமையில் நானும் போய்ப் பின்னால் நின்றேன்.

எஸ்தர் அக்கா அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அண்ணன் பெஞ்சைப் பார்த்தார். உள்ளங்கையால் அதன் முதுகைத் தடவினார், துறைமுகத்தில் வின்ச் கம்பியைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி. பிறகு உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். இடதிலும் வலதிலும் சபை பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக அவர்களையே பார்த்தது. டேனியல் மாஸ்டர் முன்வரிசையில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. முதல் பாட்டு முடிந்தது. மூன்றாவது வரியில் அண்ணன் விலகினார்.

பிறகு வேதபாடம் வாசிக்க அக்காவின் பெயரைச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் முறை என்பதை யாருமே யோசிக்கவில்லை, அக்கா உட்பட. எழுந்தார். அண்ணனின் தோளைத் தொட்டார். ஒரு கணம் தயங்கிவிட்டு முன்னால் நடந்தார்.

பெஞ்சில் அண்ணன் தனியாக இருந்தார். அவர் தலை திரும்பியது. இடது பக்கம். வலது பக்கம். கைகள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தன. எழுவதற்கு முன் அவர் அப்படித்தான் பிடிப்பார்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குனிந்தபடியே ஓடிப்போய் அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாராவது இருந்தால் போதும், அடங்கிவிடுவார் என்று கணக்கு. அவர் கைமேல் என் கையை வைத்து, காதோரம் கிசுகிசுத்தேன்.

"அண்ணே, பயப்படாதீங்க. நான்தான் மாரி. இந்த பெஞ்சு நான் போட்டது. எப்படிண்ணே இருக்கு?"

ஞானமணி அண்ணன் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். முன்னால் வாசித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. பிறகு என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எந்திரில. அது அவ எடம்."